பதினாறு கம்பியும் ஒரு வாயும்

அவள் மதித்த மனிதர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். நல்லவேளையாக, இருந்ததும் ஒரு கைதான்.

சலவைக்கூடத்தில் அவள் பெயர் உருளைக்காரி. ஓட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரி விரிப்பும் மலை மலையாக வந்து இறங்கும் இடம் அது. துவைத்துப் பிழிந்த விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, கொதிக்கிற உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, தேய்த்த துணியாக வெளியே வரும். இருபத்திரண்டு வருடம் அவள் வலது முனையைப் பிடித்தாள். இடது முனை பிடிக்க வந்தவர்களில் ஒருத்தியும் ஆறு மாதம் தாண்டவில்லை. உருளையின் சூட்டைப் பொறுத்துக்கொண்டார்கள், இவள் வாயைப் பொறுக்க முடியவில்லை. "உன்னை விட இந்தக் கூடை மேல். வெச்ச இடத்துல நிக்குது, கொட்டாவி விடறதில்ல" என்பாள். சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறுவாள். அழுகிறவள் அழுதுகொண்டே முனையைப் பிடிக்க வேண்டும்.

மேற்பார்வைக்காரனை அவள் மனிதர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி பட்டாலும் நிற்கிறது, வேலை தேங்குகிறது என்று அவன் அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டான்.

"பாத்து வேலை செஞ்சா கம்பி எதுக்கும்மா?" என்றான்.

"அப்ப உன் கையை ஒருதரம் உள்ள விட்டுக் காட்டு. அது வெந்து வந்ததும் நாங்க எல்லாரும் பாத்து வேலை செய்யறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கம்பி மூலையிலேயே இருந்தது. மூன்றாம் மாதம் ஓரம் கிழிந்த ஒரு விரிப்பின் நூல் அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டது. விடுவித்துக்கொள்ளத் துணியை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். உருளையோடு இழுத்து யார் ஜெயித்தது? பிடித்த பிடியோடு வலது கை உள்ளே போனது. மணிக்கட்டுக்கு மேல் நாலு விரற்கடை விட்டு டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள்.

போன கை போய்த் தொலைந்திருந்தால் பரவாயில்லை. போகவில்லை. இல்லாத இடத்தில் அது இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கும் அதன்மேல் மூடி, நகங்கள் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டே இருந்தன. திறந்துவிடலாம் என்றால் திறக்க விரல் எங்கே? சமையலறை வாசற்காலில் மொட்டைக் கையை மோதி மோதி அவள் நின்றதை அவளுடைய மகள் ஒருமுறை பார்த்தாள். பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் வாசற்காலில் ஒரு பழைய தலையணையைக் கட்டிவைத்தாள். பெண்ணுக்குக் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் மனசும்மா. கை இல்லன்னு மனசு ஏத்துக்கணும்" என்றார் அவர்.

"மனசுக்கு நகம் இருக்கா டாக்டர்?"

அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றோடு சரி. தன் கை மூடியிருப்பதை இனி எந்தப் படித்த முட்டாளிடமும் சொல்வதில்லை என்று முடிவு கட்டினாள்.

அடுத்த வருடம் அதே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ஓர் ஆய்வுக்கூடம். கை இழந்தவர்களின் நரம்போடு மின்கருவியை இணைத்து, செயற்கைக் கைக்குத் தொடு உணர்ச்சி கொண்டுவரப் போகிறார்களாம். மேல்கையைக் கிழித்து, இரண்டு நரம்புகளைச் சுற்றி மெல்லிய வளையங்களைப் போடுவார்கள். வளையங்களிலிருந்து பதினாறு கம்பிகள் தோலுக்கு அடியில் ஓடித் தோளருகே சட்டைப் பொத்தான் அளவு ஒரு முனையாக வெளியே வரும். அந்த முனையில் பெட்டியை மாட்டினால் நரம்புக்குள் மின்சாரம் போகும்.

"காதுக்கே ஒண்ணும் போட்டதில்ல, நரம்புக்கு வளையல் போடறாங்களாம்" என்றாள் மகளிடம். ஆனால் கையெழுத்துப் போட்டாள். இடது கையால் கோணல் மாணலாகப் போட்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து அந்த நகங்களோடு மல்லுக்கட்டுவதைவிட இவர்களோடு மல்லுக்கட்டலாம் என்று நினைத்தாள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இழந்த கையில் வலி இருக்கிறதா? படித்துக் காட்டியது அங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர் பெண். உருளைக்காரிக்குத் தூக்க மாத்திரை ஞாபகம் வந்தது.

"இல்ல" என்றாள்.

அதை அவள் பொய்யில் சேர்க்கவில்லை. மனசு என்று மாத்திரை எழுதுகிறவர்களிடம் வலியைச் சொல்லாமல் விட்டது பொய் ஆகாது என்று தனக்குள் சமாதானம் செய்துகொண்டாள்.

புண் ஆறியதும் முதன்முதலாக மின்சாரம் விட்டார்கள். அவள் நாற்காலியில், பொறியாளர் பெண் திரைக்குப் பின்னால். என்னமோ ஒன்று மேல்கையிலிருந்து சொரசொரவென்று இறங்கியது. இல்லாத ஆள்காட்டி விரலின் நுனியை யாரோ மெல்ல அழுத்தினார்கள். அழுத்தியதும் அந்த விரல் நிமிர்ந்தது. பின்னாலேயே நடுவிரல். பதினான்கு மாதமாக மூடிக்கிடந்த கை, ஒவ்வொரு விரலாகத் திறந்தது. கடைசியாகக் கட்டைவிரல் வெளியே வந்தது. உள்ளங்கையில் காற்றுப் பட்டது போல இருந்தது.

"எந்த விரல் அக்கா? என்ன மாதிரி இருக்கு?" என்று பெண் கேட்டாள். அவள் முன்னால் ஒரு தாள். அதில் கையின் படம், பக்கத்தில் நாலு கட்டம். குறுகுறுப்பு, அழுத்தம், அதிர்வு, வலி. கை திறந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

உருளைக்காரிக்குத் ஓவென்று அழுதுவிடலாம் போல இருந்தது. இவர்கள் முன்னாலா? விளையாட்டுச் சாமான் மாதிரி மெஷினை வைத்துக்கொண்டு என் நரம்பைத் தட்டித் தட்டிப் பார்க்கிற இந்தக் கும்பலிடம், என் கையைத் திறந்துவிட்ட தெய்வங்களே என்று விழ வேண்டுமா? பிச்சைக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்களே.

"ஆள்காட்டி விரல். அழுத்தம்" என்றாள். "தண்ணி இருந்தா குடு. வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கறது உங்க படிப்புல கிடையாதா?"

பிறகு செயற்கைக் கையும், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கையால் எதையாவது பிடித்தால் பெட்டி நரம்புக்குச் சொல்லும். அவள் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே திரிந்தாள். டம்ளர், கரண்டி, கதவுத் தாழ். ராத்திரி ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். குளிக்கப் பெட்டியைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் விரல்கள் மடங்க ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்தில் குளிக்கப் பழகினாள். மகளுக்கு மட்டும் தெரியும். வாசற்காலில் கட்டிய தலையணையை அவள் அவிழ்த்தாள்.

இப்படி ஒன்றே முக்கால் வருடம். வாரத்தில் இரண்டு நாள் நாலாவது மாடிக்குப் போனாள், ஒவ்வொரு முறையும் அவர்களை வெறுப்பதற்குப் புதிதாக ஏதாவது கிடைத்தது. பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவார். செயற்கைக் கையால் அவள் ஒரு முட்டையை உடையாமல் எடுத்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். வைத்ததும் கைதட்டுவார்கள். "வீட்டுல தினமும் எடுக்கறேன், உடைச்சு வறுத்தும் குடுக்கறேன். ஒருத்தன் தட்டினதில்ல" என்றாள் ஒருநாள், அவர்கள் காதுபட. விருந்தாளிகள் அதற்கும் தட்டினார்கள்.

இன்னொரு ஆளும் இந்த ஆய்வில் இருந்தான். மரம் அறுக்கும் ஆலையில் இடது கையை விட்டவன். முகம் முழுக்கப் பல். உள்ளே போனால் "தெரியுது சார், நல்லா தெரியுது சார்" என்று அவன் குரல் நடைக்கூடம் வரைக்கும் கேட்கும். அவனுக்கு ஆமாம்சாமி என்று பெயர் வைத்தாள்.

"உனக்குத் தெரியாததே கிடையாதாய்யா?" என்று கேட்டாள் ஒருநாள்.

"தெரிஞ்சா தெரியுதுங்கறேன் அக்கா. இதுல என்ன இருக்கு?"

"அப்படியே கன்னத்தையும் காட்டு, தட்டிக் குடுப்பாங்க."

அவன் அதற்கும் சிரித்தான். முதுகெலும்பையும் ஆலையில் விட்டுவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் அந்த வேலையெல்லாம் நடக்காது. சில நேரம் பெண் "இப்ப?" என்று கேட்பாள், ஒன்றும் வந்திருக்காது. "ஒண்ணுமில்ல. உன் மெஷின் தூங்குது, தட்டி எழுப்பு" என்பாள். பெண் தலை நிமிராமல் எழுதிக்கொள்வாள். நாளுக்கு ஏழெட்டு முறையாவது இப்படி. இத்தனை படித்தும் ஒரு கம்பியை ஒழுங்காக மாட்டத் தெரியவில்லை இவர்களுக்கு. ஒருமுறை அவள் "ஒண்ணுமில்ல" என்றபோது பெரிய டாக்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உதட்டைச் சுழித்துக்கொண்டு தாளைப் பார்த்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பிடிக்காவிட்டால் எனக்கென்ன என்றும் நினைத்தாள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. பெரிய டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த ஆய்வு முடிகிறது. அடுத்த கட்டத்தில் கருவி முழுவதும் உடம்புக்கு உள்ளேயே இருக்கும், ஆயுசுக்கும் இருக்கும். ஆனால் அதற்கு ஒரே ஆள்தான். கடைசிச் சோதனை அடுத்த வாரம். யாருடைய பதில்கள் நன்றாக இருக்கின்றனவோ அவர். மற்றவருக்குக் கம்பிகளை எடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் செல்போன் கடையில் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது குரல் லேசாகத்தான் இருந்தது. மகள் டம்ளரைப் பார்த்தாள்.

"கை மூடிக்கிற விஷயத்தை அவங்ககிட்ட சொல்லும்மா."

"எதுக்கு? மனசு, மாத்திரைன்னு சொல்லவா? அதுவும் இத்தனை நாள் கழிச்சு, காலைப் பிடிக்கற மாதிரி?"

"அப்ப கொஞ்சம் இதமாவாவது பேசு. எங்க கடையில எல்லாம் வர்றவங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஆமாங்கறோம். உன் வாயிலயிருந்து ஒரு ஆமா வர்றதுக்குள்ள விடிஞ்சிரும். எடுத்துட்டாங்கன்னா அப்புறம் என்ன செய்வே?" என்றவள், "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள்.

வாசற்காலைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஆமாம்சாமி ஜெயிக்கப் போகிறான். பல்லைக் காட்டியே ஜெயிக்கப் போகிறான். இவர்களுக்கு வேண்டியது 'தெரியுது சார்'. அவ்வளவுதானே? அவ்வளவு மலிவான சரக்கை இவர்கள் கேட்டால், ஒருநாள் கொடுத்துவிட்டுப் போகிறேன். சந்தோஷப்படட்டும் மடையர்கள்.

சோதனை காலை பத்து மணிக்கு. பெண் வழக்கம்போல ஒரு தாளைப் படித்தாள். உணர்ச்சி தெரிந்தால் தெரிகிறது என்று சொல்லவும், தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லவும். பஸ்ஸில் படிக்கட்டில் நிற்காதே என்று எழுதியிருப்பதை எவன் படிக்கிறான்? உருளைக்காரி அதை ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. பெரிய டாக்டர் மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப?"

"தெரியுது. நடுவிரல். அழுத்தம்." அது நிஜமாகவே தெரிந்தது.

"இப்ப?"

ஒன்றும் இல்லை. காத்திருந்தாள். கம்பி கழன்றுவிட்டது போல.

"தெரியுது" என்றாள். "சுண்டுவிரல். குறுகுறுன்னு."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார், எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தாள் உருளைக்காரி. முதல் பொய்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒன்றும் வராதபோதெல்லாம் ஒரு விரலைச் சொன்னாள். பதினைந்தாவது முறைக்குமேல் "நல்லா தெரியுது", "போனவாட்டியை விட நல்லா" என்று சர்க்கரையும் சேர்த்தாள். இந்தப் பேச்சுக்கு முன்னால் ஆமாம்சாமியே தோற்றான்.

பாதியில் பெண் எழுந்து பக்கத்தில் வந்தாள். "அக்கா, நிஜமா தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. அவசரமே இல்ல."

"தெரியுதும்மா. தெரியறதைத்தானே சொல்றேன்?"

அந்த அம்மா என்ற சொல்லைத் தன் வாயிலிருந்து கேட்டு அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நாற்பது முறையும் முடித்தாள். நாற்பதுக்கு நாற்பது. அவளுக்குப் பிறகு ஆமாம்சாமி உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை. நடைக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டாள். "தெரியுது சார்" என்றான். பிறகு, "இது இல்ல சார்" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடி, "ஒண்ணுமில்ல சார்." அடப்பாவி, கடைசி நாளில் இவனுக்கு என்ன வந்தது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மதியம் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் நின்றபடியே பேசினார். "நாற்பதுல பன்னிரண்டு முறை நாங்க மின்சாரமே விடல. எப்பவுமே சிலது அப்படி வெறுமையா விடுவோம், சொல்றவங்க நிஜத்தைத்தான் சொல்றாங்களான்னு பாக்க. நீங்க பன்னிரண்டுக்கும் விரலைச் சொல்லியிருக்கீங்க. இனி உங்க பதிலை வெச்சு நான் எதையும் எழுத முடியாதும்மா." குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த அறையில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பெண்தான் பேசினாள், கண் கலங்கியிருந்தது.

"ஏன் அக்கா? இத்தனை மாசமா ஒரு வெறுமைக்குக்கூட நீங்க ஆமான்னதில்ல. மெஷின் தூங்குதுன்னு திட்டுவீங்க, நான் சரின்னு குறிச்சுப்பேன். உங்களுக்கு இருந்த மாதிரி சுத்தமான பதில் அந்த ஆலைக்காரருக்குக்கூட இல்ல. நேத்து வரைக்கும் உங்களுக்குத்தான்னு பெரிய டாக்டரே சொல்லிக்கிட்டிருந்தார்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது கத்திக் கெட்டது. இவள் வாழ்நாள் முழுக்கக் கத்தி வாழ்ந்தாள், ஒருநாள் இதமாகப் பேசிக் கெட்டாள். இருபத்திரண்டு வருடமாக இடது முனை பிடித்தவர்களை என்னவெல்லாம் சொன்னாளோ, அதில் ஒன்றையாவது இப்போது தனக்குச் சொல்லிக்கொள்ளத் தேடினாள். எதுவும் போதவில்லை.

"கை மூடிக்கும்" என்றாள்.

"என்னது?"

சொன்னாள். உருளைக்குள் பிடித்த பிடி, நகங்கள், முதல் நாள் மின்சாரம் வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்த விரல்கள், டம்ளர், ராத்திரித் துண்டு. ஒன்றே முக்கால் வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு பழைய கோப்பைப் புரட்டி முதல் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"வலி இல்லன்னு சொல்லியிருக்கீங்களே."

"சொன்னேன்."

"அக்கா, இதுக்காகத்தான் பாதி ஆராய்ச்சியே. வலி போகுதான்னு பாக்கத்தான் எல்லாரும் அலையறாங்க. இது ஒண்ணைச் சொல்லியிருந்தா உங்களை விட்டிருக்கவே மாட்டாங்க." குரல் இறங்கியது. "இப்ப நான் போய்ச் சொன்னா, கம்பியைக் காப்பாத்திக்க இதையும் சொல்றாங்கன்னுதான் நினைப்பாங்க. காலையில பன்னிரண்டு முறை..."

பெட்டியை அன்றே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. பெண் அவள் இடுப்பிலிருந்து வாரை அவிழ்த்தாள். தோளருகே இருந்த முனையைக் கழற்றி, சின்ன மூடியைப் போட்டுத் துடைத்தாள். அறுவைக்கு எந்தத் தேதி வர வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதினாள். எல்லாம் முடிந்தும் உருளைக்காரி எழுந்திருக்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. ஒன்பது நிமிடம். பத்து நிமிடம்.

"மடங்குது" என்றாள். "கட்டைவிரல் உள்ள போயிருச்சு. இப்ப சுண்டுவிரல் வருது. எழுதிக்கோ."

பெண் ஒரு வெற்றுத் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள், மூக்கு, கண், நெற்றி என்று எங்கேயாவது பொய் தெரிகிறதா என்று தேடினாள்.

"நிஜமாத்தான் சொல்றேன் பொண்ணு" என்றாள் உருளைக்காரி. "நிஜமாத்தான்."